டேப்பை மூடிய பிறகு

யுட்டா ஊசியைக் கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் பித்தளை ஜெட்டின் துளைக்குள் விடப்போய், விடாமல் நிறுத்தினாள். பித்தளையை எஃகால் குத்தக்கூடாது. துளை மயிரளவு பெரிதானாலும் வண்டி அதன்பிறகு பெட்ரோலைப் பீர் மாதிரி குடிக்கும் என்று புருஷன் ப்ரேபன் நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தது காதில் விழுந்தது. செத்து எட்டு நாள் ஆகியும் கையைப் பிடித்து நிறுத்துகிறான். அவள் ஊசியை விட்டெறிந்தாள். அது சமையலறை மேசையில் உருண்டுபோய்ச் சர்க்கரைக் கிண்ணத்தில் மோதி நின்றது.

"பாத்திரம் தேய்க்கற பிரஷ்ல ஒரு முடி எடு," என்றான் ஏகோன்.

"தெரியும்."

"சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லாத."

ஏகோன் ப்ரேபனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஊரில் பழைய மோட்டார்சைக்கிள் சாமான் விற்கிறான். கறுப்புக் கோட்டு அழுக்காகாமலிருக்க அவளுடைய பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். மணி ஒன்பதரை. ஒரு மணிக்குத் தேவாலயத்தில் அடக்க ஆராதனை. பன்னிரண்டரைக்கு ப்ரேபனின் பெட்டியை ஏற்றிய கார் வீட்டு வாசலுக்கு வரும். அதற்குள் மேசையில் பிரித்துக் கிடக்கும் இந்தக் கார்புரேட்டர் வண்டியில் ஏறி, வண்டி ஓடியாக வேண்டும்.

லிம்ஃபியோர்டுக் கடற்கழியின் இந்தக் கரையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பதினேழு பேர். செத்தவனுடைய வண்டிதான் அவன் பெட்டிக்கு முன்னால் போகவேண்டும் என்பது அவர்களுக்குள் வழக்கம். தேவாலய வாசலில் வண்டியை நிறுத்திப் பெட்ரோல் டேப்பை மட்டும் மூடுவார்கள். என்ஜினை அணைக்க மாட்டார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து, என்ஜின் தானாக நிற்கும். நின்ற பிறகுதான் பெட்டியை இறக்குவார்கள். நாலு நிமிஷம் ஆகும். இரண்டு வருஷம் முன்பு விகோ செத்தபோது அவன் வண்டி நாலு நிமிஷம் இருபது செகண்டு ஓடியது. கடிகாரம் பார்த்துச் சொன்னவன் ப்ரேபன்தான். "என்னுது இதை அடிச்சுடும் பாரு," என்று அன்றைக்குக் காப்பி மேசையில் பீற்றிக்கொண்டான்.

குளிர்காலத்துக்கு வண்டியைக் கொட்டகையில் அடைக்கும்போது எல்லாரும் செய்கிற வேலைதான் அது. டேப்பை மூடிக் கிண்ணத்தை வற்றவிடாமல் அடைத்தால், பெட்ரோல் உள்ளேயே காய்ந்து பிசினாகிவிடும். ப்ரேபன் போன அக்டோபரில் வற்றவிடவில்லை. "இன்னும் ஒரு நல்ல ஞாயித்துக்கிழமை வரும்," என்றான். வரவில்லை. மார்ச்சில் டாங்கின் மூடியைத் திறந்தபோது பழைய வார்னிஷ் நாற்றம் அடித்தது. இரண்டு கார்புரேட்டரும் அடைத்துப்போயிருந்தன. வலதுபக்கத்தில் மிதவை ஊசி ஒட்டிக்கொண்டு, கிண்ணம் நிரம்பி வழிந்து, கொட்டகைத் தரையெல்லாம் பெட்ரோல்.

இடதுபக்கத்தை அவன் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டான். வலதுபக்கத்தை, அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அவளுடைய உருளைக்கிழங்குப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு ஊற்றி அடுப்பில் கொதிக்கவைத்தான். பிசின் இளகும் என்று யாரோ சொன்னார்களாம். அன்று மாலை அவள் பல் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது வீடு முழுக்கக் கருகின எலுமிச்சை வாசனை. பாத்திரம் வற்றி அடிப்பிடித்திருந்தது. அவள் பின்கதவைத் திறந்துகொண்டு கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள். வெட்கமில்லையா உனக்கு, வீட்டைக் கொளுத்தப் பார்த்தாயா, நாளைக்கு இதில்தானே நீ தின்னவேண்டும். கொட்டகை ஜன்னலில் அவன் முதுகும் தொப்பியும் தெரிந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தான். செவிடன்போல உட்கார்ந்திருப்பது அவனுக்குப் புதிதல்ல. அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டினாள். இன்னொரு தடவை கத்தினாள். அப்புறம்தான் போனாள். தோளைத் தொட்டு உலுக்கியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

பிரஷ் முடி ஜெட்டின் மறுபக்கம் வெளியே வந்தது. யுட்டா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சின்ன வட்டமாக வானம் தெரிந்தது.

"ஆச்சு," என்றாள்.

"உன் விரலுக்கு இது லேசு. எங்க விரலெல்லாம் தடிச்ச சாசேஜ் மாதிரி."

மிதவை ஊசியின் நுனியைத் துணியால் துடைத்தாள். உட்கார வேண்டிய இடத்தில் அது சரியாக உட்கார்ந்தது. வாயால் ஊதிப் பார்த்தாள், காற்றுப் போகவில்லை. இனி கிண்ணம் வழியாது.

ஏகோன் கோட்டுப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். "டேப்புக்குப் புது கார்க். ராத்திரி பூரா எண்ணெயில ஊற வெச்சேன். பழசு காஞ்சு சுருங்கிப்போச்சு. மூடினாலும் உள்ளால கசியும்."

"முதல்ல கிண்ணத்துக்கு கேஸ்கெட் வேணும்."

"அவன் வாங்கி வெச்சிருப்பான். அந்த டப்பாவுல பாரு."

பிஸ்கட் டப்பாவில் ப்ரேபனின் ஸ்குரூக்களுக்கு நடுவே பழுப்புக் காகிதப் பை ஒன்று இருந்தது. உள்ளே கேஸ்கெட். பையின்மேல் ஏகோனின் கோணல் கையெழுத்து: ப்ரேபன், வலது கிண்ணம், 18 மார்ச்.

யுட்டா அதைப் படித்தாள். குளிர்பதனப் பெட்டிக்குமேல் தொங்கும் காலண்டரை நிமிர்ந்து பார்த்தாள். மார்ச் இன்னும் கிழிக்கப்படவில்லை. பதினெட்டாம் தேதிக் கட்டத்தில் அவள் கையெழுத்து: ப்ரேபன், இருதயம், 10.15.

"பதினெட்டாந் தேதி எப்ப வந்தான் உன் கடைக்கு?"

"எந்தப் பதினெட்டு?"

"எழுதியிருக்கியே, இந்தப் பதினெட்டு."

ஏகோன் பையைப் பார்த்தான். ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்தான்.

"காலையில," என்றான். "பத்து, பத்தரை இருக்கும்."

அந்த நேரத்தில் ப்ரேபன் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுத்திருக்கவேண்டும். லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்று அவள் சொன்னாள்; நான் என்ன குழந்தையா என்றான். சாயங்காலம் வந்து, "நல்ல என்ஜின், இன்னும் ரொம்ப தூரம் ஓடும்னு சொல்லிட்டாங்க," என்று சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் அவள் பன்றிக்கறி வறுத்து, பார்ஸ்லி இலைக் குழம்பும் வைத்தாள். மூன்று தடவை வாங்கித் தின்றான். இப்போது பொய்யைவிட அந்தக் கறியை நினைத்துத்தான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

"நான் கேட்டேன் யுட்டா. இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்லையாடான்னேன். போன் பண்ணி மே மாசத்துக்கு மாத்திட்டேன்னான். வண்டி பிரிச்சுக் கெடக்கு, ஈஸ்டருக்கு ஓட்டணும்னான். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னான்."

"நீயும் சொல்லல."

"சொல்லல."

"அதுக்கப்புறம் அவன் சாகற வரைக்கும் பதினாறு நாள் ஏகோன். அந்தப் பதினாறு நாளும் இதே நாற்காலியில உக்காந்து என் காப்பியக் குடிச்ச."

"அவன் என் நண்பன்."

"அப்ப நான் யாரு? காப்பி ஊத்தறவளா?"

யுட்டா எழுந்தாள். தீப்பெட்டியை எடுத்து, ஜன்னலைத் திறந்து, வெளியே எறிந்தாள். அது ஈரமான பூப்பாத்தியில் எங்கேயோ விழுந்தது. பக்கத்து வீட்டுக் கம்பத்தில் ப்ரேபனுக்காகக் கொடி பாதியில் பறந்துகொண்டிருந்தது.

"உன் கடைச் சாமான் ஒண்ணும் இந்த வண்டியில ஏறாது."

"அந்த கேஸ்கெட்டும் என் கடைதான்."

"அது அவன் வாங்கினது. உயிரக் குடுத்து வாங்கினது."

"டேப் மூடாது யுட்டா. சொல்லிட்டேன். வாசல்ல ஊரே நிக்கும்."

"நிக்கட்டும். நீ ஓட்டவும் வேணாம்."

"பின்ன யாரு?"

"நான்."

"இருபது வருஷமாச்சு நீ அதத் தொட்டு. பாவாடையோடயா?"

"பேன்ட் இருக்கு."

"முட்டி?"

அவள் முட்டியை மறந்திருந்தாள். போன வருஷம் அறுத்த முட்டி, கிக்கரை மிதிக்கக்கூடாது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"கிக்கர மட்டும் நீ மிதி," என்றாள். "அதுக்கு மேல எதையும் தொடாத. ஏப்ரனக் கழட்டு முதல்ல, பாக்கச் சகிக்கல."

கொட்டகையில் அவளே கார்புரேட்டரை மாட்டினாள். ஏகோன் கதவருகில் நின்றான். ஸ்பேனர் வேண்டியபோது கேட்காமலே நீட்டினான், அவள் முகத்தைப் பார்க்காமலே வாங்கினாள். ஸ்டூல் சுவரோரம் அப்படியே இருந்தது. டேப்பைத் திறந்து, அடியில் செய்தித்தாளை விரித்து, இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்தும் தாளில் ஒரு சொட்டு இல்லை. ஏகோன் மிதித்தான். ஆறாவது மிதியில் பிடித்தது. முதலில் இருமல், பிறகு நீலப்புகை, பிறகு தகரக் கூரை அதிர இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடியது.

"கழுதை," என்றாள் யுட்டா வண்டியைப் பார்த்து. "இப்ப ஓடு."

தேவாலயத்துக்கு இரண்டு கிலோமீட்டர். முன்னால் அவள், பின்னால் பெட்டி, அதன் பின்னால் பதினாறு வண்டிகள். ஃபியோர்டுக் காற்று பக்கவாட்டில் தள்ளியது. கியர் மாற்றுவதைக் கால் மறக்கவில்லை. திருப்பத்தில் மளிகைக் கடைக்காரி கையில் துடைப்பத்தோடு அசையாமல் நின்றாள். யுட்டா யாருக்கும் தலையசைக்கவில்லை.

வாசலில் சரளைமேல் நிறுத்தினாள். இறங்கினாள். டேப்பை மூடினாள்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் காரின் பின்னால் வரிசையாக நின்றார்கள். போதகரம்மா வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ப்ரேபனுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நாலு நிமிஷம் ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. என்ஜின் தடுமாறவே இல்லை.

"அடிச்சுட்டான்யா விகோவ," என்று பின்னால் ஒரு கிழவன் முணுமுணுத்தான். யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள்.

ஒன்பது நிமிஷம். மணியடிக்க வேண்டியவன் கோபுரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். தூக்க நின்ற ஆறு பேரும் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். யுட்டா டாங்குக்குப் பக்கத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அவன் இருந்திருந்தால் இப்போது என்ன முகம் வைத்திருப்பான் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகத்தில் ஓங்கி ஒன்று வைத்திருப்பாள்.

ஏகோன் பின்னால் நின்ற வண்டிகளின் வரிசையிலிருந்து பிரிந்து வந்தான். அவன் கோட்டு முழங்கையில் மண் ஒட்டியிருந்தது. கையில் தீப்பெட்டி. அதை அவளுக்குக் காட்டாமல் மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான்.

"டாங்க் முக்காவாசி இருக்கு," என்றான் அவள் காதருகில். "கசிஞ்சுகிட்டே இருந்தா சாயங்காலம் வரைக்கும் ஓடும். அணைக்கற பட்டன அமுக்கிடறேன்."

அவன் கை ஹேண்டில்பார்மேல் போனது. யுட்டா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அமுக்காத."

"யுட்டா, எத்தன பேரு நிக்கறாங்க பாரு."

"சட்டுனு நின்னதெல்லாம் போதும் எனக்கு."

ஏகோன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவள் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள். ஈரச் சரளையில் நல்ல முட்டியை ஊன்றி உட்கார்ந்தாள். டேப்புக்குக் கீழே, இரண்டு கார்புரேட்டருக்கும் பிரிவதற்கு முன்னால், ரப்பர் குழாய் விரல் தடிமனில் இறங்கியது. பின்னால் என்ஜினின் சூடு. அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உள்ளே விட்டு, குழாயை மடித்து, நசுக்கிப் பிடித்தாள்.

ஏகோன் அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டான்.

ஒரு நிமிஷம் ஒன்றும் மாறவில்லை. விரல் நுனி வெளுத்தது. சூடு மணிக்கட்டில் ஏறியது. இரண்டு நிமிஷம். மூன்று. ஏகோனின் கண் பழக்கத்தில் கைக்கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

நாலாவது நிமிஷத்தில் சத்தம் மெலிந்தது. இடதுபக்கம், ப்ரேபன் கழுவி மாட்டிய பக்கம், ஒருமுறை விக்கியது. ஒருமுறை பிடித்துக்கொண்டது. பிறகு நின்றுவிட்டது. வலதுபக்கம் மட்டும் தனியாக, நொண்டி நொண்டி, வண்டியையே உலுக்கிக்கொண்டு ஓடியது. யாரும் அவ்வளவு நேரம் எதிர்பார்க்கவில்லை. பிறகு அதுவும் நின்றது.

காற்றின் சத்தம் கேட்டது. மேலே மணி அடிக்கத் தொடங்கியது. சரளை நெறிபட ஆறு பேர் காரை நோக்கி நகர்ந்தார்கள். பெட்டி இழுபடும் ஓசை கேட்டது.

"யுட்டா," என்றான் ஏகோன், திரும்பாமலே. "நின்னுடுச்சு. விட்டுடலாம்."

அவள் குழாயைப் பிடித்தபடியே இருந்தாள்.