ஆன்ஸ்லினின் குளிர்ப்பெட்டி

மாசி மாசம் பட்டப்பகலில், நெய்யூர்ப் பக்கம் ஆன்ஸ்லின் வீட்டுக்கு மேலே மட்டும் காஷ்மீர்ப் பனி கொட்டியது. அன்று சந்தையில் சாளை மீன் மலிவு. மொபைல் கடை வைத்திருக்கும் ஆன்ஸ்லினுக்கு வானத்தைப் படம் பிடிக்கிற கிறுக்கு உண்டு. அந்த மாசம் ஒரு வால் நட்சத்திரம் வந்திருந்தது. போனால் அவன் பேரன் காலத்தில்கூடத் திரும்பாது. ஒரே ஒரு படம் எடுத்துவிட்டால் போதும், செத்தாலும் பரவாயில்லை என்று திரிந்தான். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கேமரா சூடேறி, படமெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக வந்தது. அதனால் மீன்காரி குளோரியிடம் ஒரு தெர்மோக்கோல் பெட்டி வாங்கி, கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்கிற சில்லையும் பழைய கம்ப்யூட்டர் ஃபேனையும் பொருத்தி, கேமராவை உள்ளே உட்காரவைத்தான்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பைக்கானாலும் போர்வெல்லானாலும் போதகர் ஜெபிக்காமல் ஓடவிடுகிற வழக்கம் அவர்கள் சபையில் கிடையாது. மனைவி பெமிலா அவரைக் கூட்டிவந்தாள். அந்த நல்ல மனுஷன் பெட்டிமேல் கைவைத்து, "இதன் குளிர்ச்சி நாளுக்கு நாள் பெருகட்டும் ஆண்டவரே" என்று உருகி ஜெபித்தார். சும்மா பத்து டிகிரி மைனஸ் போதும் என்று நடுவில் சொல்ல ஆன்ஸ்லினுக்கு வெட்கம். ஆமென் சொல்லிவிட்டான், மூடன்! பெருகியது. கிணற்று வாளி உறைந்தது, வாழைக்குலை கல்லானது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெருகியது. குளோரி மிச்ச மீனையெல்லாம் அவன் முற்றத்தில் கொண்டுவந்து பரப்பி, "இனி ஐஸு வாங்காண்டாம் மக்கா, நீ நல்லா இருப்ப" என்றாள். குளிருக்கு மேகம் கூடியது. ஜில்லா முழுக்க வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்க, அவன் தலைக்கு மேலே மட்டும் ஒரு மேகம். பெட்டியும் கேமராவுமாக மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்கு ஓடினான். மேகமும் பசுவுக்குப் பின்னால் கன்று மாதிரி கூடவே வந்தது. ஊரே வால் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டது, தனக்கு மட்டும் இல்லையே என்று வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். "செஞ்ச ஜெபத்தைத் திரும்ப எடுக்க முடியாதாம், போதகர் சொல்லிட்டாரு" என்று பெமிலா பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள்.

வால் நட்சத்திரம் கிளம்புகிற நாள் வந்தது. அதுவோ பிறவியிலேயே பனிக்கட்டி. சூரியனைச் சுற்றி வெந்து நொந்து வந்ததற்கு, இவ்வளவு குளிர்ந்த இடம் வழியில் வேறெங்கும் கிடைக்கவில்லை போல. விளக்கு வைக்கிற நேரத்தில் மேகத்தைக் கிழித்து இறங்கி, ஆன்ஸ்லின் வீட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டது. ஆட்டோ அளவுதான் இருந்தது. தூரத்தில் பெரிசாகத் தெரிந்திருக்கிறது. ஆன்ஸ்லினுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இத்தனை கிட்டத்தில் உள்ளதைப் பிடிக்க அவன் லென்சுக்குத் தெரியாது. பெமிலாதான் தன் போனை எடுத்து, "ஏங்க, அதுக்க பக்கத்துல போய் நில்லுங்க" என்றாள்.

அந்தப் படத்தில் ஆன்ஸ்லின் கண்ணை மூடியிருக்கிறான். நாளைக்கு இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அது போகிற மாதிரித் தெரியவில்லை. வாலை மட்டும் பகலில் சுருட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், ரோட்டில் பஸ் போகணுமே.