இடதுபக்க எடை

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஜப்பானில் எங்கள் மாயெபாஷி ஊரில் கார்களுக்கென்றே வரும் ஒரு மாதப் பத்திரிகை என்னிடம் கட்டுரைதான் கேட்டது. எடை குறைந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் நல்லதா, வேகமும் வேண்டும் வீட்டு ஆட்களும் ஏறவேண்டும் என்பவர்களுக்கான நாலு கதவு டர்போ செடான் நல்லதா? இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன். “லேசான கார் தன்னை ஓட்டுகிறவனிடம் எதையும் மறைக்காது” என்று முதல் வாக்கியம் வந்தது. அதோடு கை நின்றுவிட்டது.

எதையும் மறைக்காத ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு ஒருவன் எப்படித் தூங்குவான்? கட்டுரை அங்கே செத்தது. பத்திரிகைக்காரர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார், பாவம்.

2

முதல் தொடக்கம்:

“அகாகி மலையில் ஏழாவது வளைவு. தெருஹிகோ ஸ்டீயரிங்கைத் திருப்பினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி லேசாகிவிட்டாள் என்பதை அவன் உள்ளங்கைகள் உடனே —”

[விட்டுவிட்டேன். சுத்தப் பொய். எவன் உள்ளங்கைக்கும் அந்த வித்தை தெரியாது. கார்ப் பைத்தியங்கள் தெரியும் என்று சத்தியம் செய்வார்கள். நம்பாதீர்கள்.]

இரண்டாவது தொடக்கம்:

“சதோமிக்கு ஐம்பத்து மூன்று வயது. அவள் அழகாக —”

[இதுவும் வேண்டாம். அவள் எப்படி இருந்தாள் என்பதைப் புருஷனே சரியாகப் பார்க்கவில்லை. நான் எங்கிருந்து சொல்வது?]

மூன்றாவது, இப்போதைக்கு நிற்கிறது: குராதாவின் பட்டறை, ஜனவரி, மலையிலிருந்து இறங்கும் காய்ந்த காற்று தகரக் கதவைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

3

குராதா தெருஹிகோவின் பள்ளித் தோழன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கச் சோதனைக்கு முன்னால் தெருஹிகோ தன் இரண்டு சீட் காரை அவனிடம் கொண்டுபோவான். அப்போது சோதனையில் யாரும் கேட்காத ஒரு வேலையையும் செய்துகொள்வான். நாலு சக்கரத்துக்கடியிலும் நாலு தராசு. டாங்க் நிறையப் பெட்ரோல். வலதுபக்கம் ஓட்டுகிற சீட்டில் அவன், இடதுபக்கம் மனைவி சதோமி. எந்தச் சக்கரம் எவ்வளவு சுமக்கிறது என்று பார்த்து, ஸ்பிரிங்குக்கடியில் இருக்கும் வளையத்தைத் திருகி எடையைச் சமன்செய்வார்கள். கார் மொத்தமே ஆயிரம் கிலோ. அதில் ஒரு மனுஷி உட்காருவதும் உட்காராததும் பெரிய விஷயம்.

மற்றவர்கள் பெண்டாட்டி எடைக்கு மணல்மூட்டை வைப்பார்கள். தெருஹிகோ வைக்கமாட்டான். “மூட்டை கூடவா நான் மலைக்குப் போறேன்?” என்பான். அவனைப் பொறுத்தவரை இது ஒரு காதல் சொல். சதோமிக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

“சதோமி-சான், மூச்சை இழுத்துப் பிடிக்க வேணாம். சும்மா உக்காருங்க,” என்றான் குராதா.

“புத்தாண்டுக்கு மோச்சிக் கொழுக்கட்டை தின்னதெல்லாம் இதுல காட்டிக்குடுத்துடும். அதான் பயமா இருக்கு.”

“காட்டினா காட்டட்டும். ஊருக்கா சொல்லப்போறேன்?”

குராதா தராசின் திரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். குனிந்து இடது பின்சக்கரத் தராசைக் காலால் தட்டினான்.

“என்னடா?” என்றான் தெருஹிகோ.

“ஒண்ணுமில்ல. தராசு பழசு.”

“எவ்ளோ காட்டுது?”

“போன தடவைக்கு ஒம்பது கிலோ கம்மி.”

“பெட்ரோல் கொறஞ்சிருக்கும்.”

“நீதானடா வர்ற வழியில ரொப்பிட்டு வந்தே.”

தராசுகளை இடம்மாற்றிப் பார்த்தார்கள். அதே ஒன்பது. வலதுபக்கம் ஒரு கிலோகூட மாறவில்லை. சதோமி அன்றைக்கு இரண்டு ஸ்வெட்டரும் அதன்மேல் தடித்த கோட்டும் போட்டிருந்தாள். அதையும் சேர்த்துத்தான் ஒன்பது கம்மி. காற்று கதவோடு மல்லுக்கட்டியது.

“தராசை மாத்துங்க குராதா-சான்,” என்று சதோமி சிரித்தாள். “வயசான காலத்துல அதுக்கும் கண்ணு தெரியல போல.”

தெருஹிகோ அவள் பக்கம் திரும்பவேயில்லை. குராதாவிடம், “சரி பண்ணிடுடா,” என்றான்.

“என்னத்த?”

“ஸ்பிரிங்க. இப்ப இருக்கற எடைக்கு.”

குராதா ஸ்பானரை எடுக்காமல் அவனையே பார்த்தான். பிறகு எடுத்தான். குனிந்து வளையத்தைத் திருகினான். கார் மறுபடி நேராகிவிட்டது.

4

இந்த இடத்தில் எனக்கே என் ஆள்மேல் ஆத்திரம் வருகிறது. கட்டிய மனைவி கண்ணெதிரே இளைத்துக்கொண்டு போகிறாள். இவன் அதற்கேற்றாற்போல் ஸ்பிரிங்கைத் திருகச் சொல்கிறான்! அடப்பாவி, கண் இல்லையா உனக்கு?

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தினம் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது என்று ஒரு சமாதானம் உண்டு. குளிர்காலம், துணிக்குமேல் துணி. அவள் எப்போதும் கடைசியாகத்தான் சாப்பிடுவாள், அதுவும் நின்றுகொண்டே. இதையெல்லாம் அவனுக்காக எழுதிப் பார்த்தேன். அழித்தேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. யாராவது எண்ணாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தான். சொன்னதும் பயந்துவிட்டான்.)

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இலையுதிர்காலத்து உடல் பரிசோதனைக்கு நகராட்சி அழைத்த நாளில் “சளி” என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். அவள் அக்கா இப்படித்தான் இளைத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பவில்லை. போகாதவரைக்கும் ஒன்றுமில்லை என்பது சதோமியின் கணக்கு. அந்தக் கணக்கைக் கலைக்க ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆளோ ஸ்பிரிங் திருகுகிறான். நாளாக ஆக ஆபத்து என்பது இருவருக்கும் தெரியும். இது அவர்கள் குடும்பம் நடத்துகிற லட்சணம்.

5

கட்டுரைக்கென்று எடுத்துவைத்த குறிப்புகளில் ஒரு பத்தியை மட்டும் காப்பாற்றி இங்கே வைக்கிறேன்.

லேசான கார் வளைவில் ஆடைபோல உடம்போடு வரும். சாலையில் கிடக்கும் கூழாங்கல்கூட முதுகில் உறுத்தும். இரண்டு பேருக்குமேல் இடமில்லை, ஒரு மூட்டை அரிசிக்கே திண்டாட்டம். டர்போ செடான் அதைவிட ஐந்நூறு கிலோ கனம். ஆனாலும் நேர்ச்சாலையில் லேசான காரை முந்திக்கொண்டு போகும். நாலு சக்கரமும் இழுப்பதால் பனியிலும் பயமில்லை. பின்சீட்டில் ஒருவர் படுத்துக்கொண்டே வரலாம். எவ்வளவு ஏற்றினாலும் இறக்கினாலும் ஸ்டீயரிங்குக்குத் தெரியாது.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்துப் பார்த்தபோது தெருஹிகோ என்ன செய்வான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

6

முப்பது வருடமாக அவன் செடான்களை “அலமாரி” என்று கேலிசெய்தவன். பட்டறைக்குப் போய்வந்த வாரமே சோறு சாப்பிடும்போது சொன்னான்:

“செடான் ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன்.”

சதோமி மிசோ சூப்பைக் கீழே வைத்தாள். “அலமாரியா?”

“முதுகு வலிக்குது.”

“யார் முதுகு?”

“என் முதுகுதான். வேற யார் முதுகு?”

“அப்ப அந்தக் கார்?”

அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். வண்டி நிறுத்த இடம் காட்டாமல் எங்கள் ஊரில் யார் பேருக்கும் கார் வராது. போலீஸ்காரர் வந்தே பார்த்துவிட்டுப் போவார். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு இடம். இது வந்தால் அது போகவேண்டும்.

“சரி, ஓட்டிப் பாத்துட்டு வரலாம்,” என்றாள் சதோமி, ரொம்ப இதமாக. அவள் இதமாகப் பேசினால் ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

7

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

அ. செடானை வாங்குகிறார்கள். பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்துத் தகாசாகி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறான். போய்வருகிறான். ஒருநாள் தனியாக வருகிறான். [எழுதினேன். அழுகை வந்தது. அழுகை வந்ததாலேயே சந்தேகம்.]

ஆ. பழைய காரில் கடைசியாக ஒருமுறை மலைக்குப் போகிறார்கள், ஏழாவது வளைவில் — [சீ. கதை முடியவில்லை என்றால் ஆளைக் கொல்வதா?]

இ. வெறும் தைராய்டு. மாத்திரையில் சரியாகிவிடுகிறது. குராதா மணல்மூட்டையைக் காட்டிக் கேலிசெய்கிறான். [இதுதான் எனக்கு வேண்டும். மனசார வேண்டும். ஆனால் இதற்கும் அவள் முதலில் டாக்டரிடம் போகவேண்டுமே. யார் கூட்டிப்போவது?]

மூன்றுமே ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. அவன் கேட்கவேண்டும்.

8

ஷோரூம் செடான். விற்பனைக்காரரை, “நாங்களே ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்,” என்று சொல்லிக் கழற்றிவிட்டாள் சதோமி. டோனே ஆற்றுப் பாலம் தாண்டி, வெங்காயத்தாள் வயல்களுக்கு நடுவே வளைந்துபோகும் சாலை. தெருஹிகோ ஒரு வளைவை வேகமாகவே எடுத்தான். கார் கொஞ்சமும் சாயவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படித்தான்.

“எப்படி இருக்கு?” என்றாள்.

“நல்லாத்தான் இருக்கு.”

“பக்கத்துல நான் இருக்கறது தெரியுதா?”

அவன் வண்டியை வயலோரம் நிறுத்தினான். என்ஜின் ஓடுவதுகூடக் கேட்கவில்லை, அவ்வளவு நல்ல கார்.

“தெரியலல்ல?” என்றாள். “அதுக்குத்தானே இது. அந்தக் கார் என்னக் காட்டிக்குடுத்துடுச்சு. அதான் அத விக்கப் பாக்கறீங்க.”

“அப்படியெல்லாம் இல்ல.”

“தெரு-சான். அன்னிக்குப் பட்டறையில நான் உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்பவாவது கேப்பீங்க, இப்பவாவது கேப்பீங்கன்னு. நீங்க அவர்கிட்ட ஸ்பிரிங்கப் பத்திப் பேசுனீங்க.” அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “எனக்குத் தானா சொல்ல வராது. ரொம்பப் பயமா இருக்கு. நீங்க கேட்டீங்கன்னா சொல்லிடுவேன். கேட்டா நாளைக்கே கூட ஆஸ்பத்திரிக்கு வர்றேன். கேக்கலைன்னா இந்தக் காரையே வாங்கிக்கலாம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல.”

அடுத்த வரி தெருஹிகோவுடையது. அவனுக்கு நாலைந்து வரி எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். “எப்பலேருந்து?” என்று ஒன்று. “வலிக்குதா?” என்று ஒன்று. எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறான். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன வண்டியில் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எழுத்தாளன் அடித்தாலும் உதைத்தாலும் சில ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

ஆகவே, வாசகரே, கேள்வியை நீங்கள்தான் கேட்கவேண்டும். அவன் குரலில் முடியாவிட்டால் உங்கள் குரலிலேயே கேளுங்கள். எந்த வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை. கொஞ்சம் சீக்கிரம்: அவள் கேள்விக்காகக் காத்திருந்தது போதும் என்று சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டாள், கதவைத் திறந்து —