கண் திறக்காத சிலை

"அம்மா, உன் பாட்டுல எங்க பார்த்தாலும் தாமரை, நிலா, அன்னம். ஒரு நண்டு கூட இல்லையே?"

"சமஸ்கிருதச் செய்யுள்ல நண்டுக்கு இடம் கிடையாதுடி."

"ஏன், பக்கவாட்டுல ஓடிச் சந்தத்தைக் கெடுத்துடுமா?"

"உன் வாய் இருக்கே! போ, பெரியம்மாகிட்ட சோறு கேளு. அந்த வாய்க்கு வேற வேலை வேணும்."

அந்தப் பெரியம்மா நான்தான். மகாராணி ஹேமலேகா என் சித்தப்பா மகள். என் கணவர் போரில் இறந்த பிறகு தலைநகர் யசோதரபுரத்து அரண்மனைக்கு வந்தவள், அவளோடேயே இருந்துவிட்டேன். அவளுடைய ஒரே மகளை நாங்கள் 'க்தாம்' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பேச்சில் நண்டு என்று பொருள். குழந்தையில் அவள் தவழ்ந்த அழகு அப்படி.

இந்தப் பேச்சு நடந்தபோது மழை தொடங்கியிருந்தது. பெரிய ஏரி நிரம்பி வழிந்தபோது க்தாம் இல்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

அரச குடும்பத்தில் பெண் யாராவது இறந்தால், அவர் முகச்சாயலில் தேவியின் சிலை செய்து கோயிலில் வைப்பது எங்கள் வழக்கம். சிலைக்குக் கண் திறக்கும்வரை அது கல். திறந்துவிட்டால் தெய்வம். புதுப் பெயர் சூட்டிய பின் பழைய பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெற்றவளும் தள்ளி நின்று விழுந்து கும்பிட வேண்டியதுதான்.

"மேற்கு எல்லைக் கோயிலுக்கு அவளை அனுப்பலாமா, ஹேமா? அங்க ஜனங்க பாவம், சண்டையிலயே நொந்து போயிருக்காங்க. அவ துணையா இருப்பா" என்று அரசர் கேட்டார்.

"சரி" என்றாள் ஹேமலேகா.

வேறென்ன சொல்வாள்? பிக்குணி மடத்தில் பெண்களுக்குப் பாடம் சொல்பவள். எதுவும் நம்முடையதல்ல என்று அவள் எழுதிய செய்யுளை அங்கே எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்து அழுத சாவ் என்ற நெசவுக்காரியிடம், "பிடிச்சு வைக்காதேம்மா, விட்டுடு" என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

சிற்பி கண்களை மட்டும் விட்டுவிட்டுச் சிலையை முடித்தார். பீடத்தில் வெட்ட மகாராணியின் செய்யுள் வந்த பிறகுதான் கண் திறக்க வேண்டும். அது வரவில்லை. ராஜகுரு தினமும் வந்து நின்றார்.

"மகாராணி, ஏரித் தண்ணி வடியுது. இன்னும் தாமதிச்சா சிலையை ஏத்திட்டுப் போற படகு தரைதட்டிடும்."

"சந்தம் அமையலை, குருவே."

"உங்களுக்கா? மீன் நீச்சலை மறந்துட்டேன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!"

அவள் சிரிக்கவில்லை. செய்யுள் எப்போதோ முடிந்துவிட்டது. குளிக்கும்போது அவள் முணுமுணுத்ததை நான் முழுசாகக் கேட்டிருந்தேன்.

"மனசுல இருக்கிறதை அரசர்கிட்ட கேட்டுடேன்" என்றேன்.

"எந்த முகத்தோட அக்கா? நாளைக்கு சாவ் என் முன்னால வந்து உட்காருவா. அவளை நான் எப்படிப் பார்ப்பேன்?"

தினமும் காலையில் சிற்பக் கொட்டகைக்குப் போய்ச் சிலையின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சோற்றையும் அங்கேயே வரவழைத்துக்கொள்வாள். பாதிக்கு மேல் காக்கைக்குத்தான் போகும். கல்லின் கன்னத்தைத் தொட்டபடி க்தாம், க்தாம் என்பாள். சிற்பி காதில் விழாததுபோல உளியைத் தீட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அரசரே கொட்டகைக்கு வந்தார். இளைத்திருந்தார்.

"செய்யுள் மெதுவா வரட்டும், ஹேமா. அப்புறம் அங்கேயே வெட்டிக்கலாம். படகை இனி நிறுத்த முடியாது. இன்னைக்கே கண் திறந்துடலாம்."

அவளுக்கு இருந்த ஒரே சாக்கும் போயிற்று.

மடத்துப் பெண்கள் தாமரைகளோடு வந்து வரிசையாக நின்றார்கள். அந்த நெசவுக்காரியும் இருந்தாள். ராஜகுரு மந்திரத்தைத் தொடங்கினார். இத்தனை வருஷத்தில் ஹேமலேகா தன் கணவரிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். வைத்தியசாலை, மடத்துக்கு நிலம், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை. தனக்கென்று ஒரு பூ கேட்டதில்லை.

சிற்பி உளியை எடுத்தார். ஹேமலேகா எழுந்து, சிலையின் கண்களைத் தன் உள்ளங்கையால் மூடினாள். மந்திரம் நின்றது.

"என்னம்மா?" என்றார் அரசர்.

அவள் மாணவிகளை ஒருமுறை பார்த்தாள். நெசவுக்காரியையும் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"நான் மத்தவங்களுக்குச் சொன்னதை என்னால செய்ய முடியலைங்க. இவளைச் சாமியாக்காதீங்க. எங்கேயும் அனுப்பாதீங்க. என் பொண்ணாவே என்கிட்ட விட்டுடுங்க."