கூல்ரூமுக்கு லீவில் போன ரூபார்ப்

"உலகத்துல இருக்கிற ரூபார்ப் செடிக்கெல்லாம் ஒரு சுல்தான் உண்டுன்னா, அவர் ராஸ் அல் கைமாவுல என் வீட்டு முத்தத்துலதான் குடியிருக்கார்" என்றார் முகம்மது சித்தீக். "ஒரு இலை விரிஞ்சா அதுக்குக் கீழ மூணு பேர் உட்கார்ந்து ஒரே சஹன் தட்டுல சாப்பிடலாம். நாலாவது ஆள் வந்தா கொஞ்சம் நெருக்கம், அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு நேரம். எதிரே உட்கார்ந்திருந்த மச்சினர் சாதிக் பாட்ஷாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. சித்தீக்கின் மனைவி ஹாலிதா ஓடிவந்து தம்பியின் தலையில் தட்டினாள்.

"லாத்தா, மச்சானுக்கு ரிட்டயர் ஆனதும் வெயில் தலைக்கேறிடுச்சு. அது பனி விழுற ஊருச் செடி. வெள்ளைக்காரன் சீனி போட்டு வேகவச்சுத் தின்னுற செவப்புத் தண்டு. இங்கே ஒட்டகமே நிழல் தேடுது!"

சித்தீக் மச்சினர்மீது ஒரு பரிதாபப் பார்வை வீசினார். சாதிக் தேராக் கடைத்தெருவில் இருபத்தெட்டு வருஷமாக ஏலக்காயும் குங்குமப்பூவும் விற்கிற மனுஷன். செடி என்று ஒன்று மண்ணிலிருந்துதான் வருகிறதா, மூட்டையிலிருந்தா என்பதே சாதிக்குக்குச் சந்தேகம். ஆனால் அபிப்பிராயம் மட்டும் மொத்தத்துக்கும் உண்டு, சில்லறைக்கும் உண்டு.

வம்பு என்னவென்றால், சித்தீக்கின் மகன் ஆரிப் அந்த முற்றத்தில் இன்டர்லாக் கல் பதித்து காரை நிறுத்தப்போகிறான். கல் பதிக்கிற ஆள் நாளைக் காலையில் வருகிறான். அந்தப் பத்தடி மண்ணும் போய்விட்டால் சித்தீக்குக்கு மிச்சமிருக்கும் போக்கிடம் ஹாலிதாவின் அடுப்படிதான். அங்கே அவர் வெங்காயம் நறுக்குவதைப் பற்றி ஹாலிதாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. மன்றாடிப் பார்த்தார். கடைசியில் ஆரிப் இறங்கி வந்தான்: "ரூபார்ப் வந்துடுச்சுன்னு மாமா வாயால சொல்லட்டும் வாப்பா. மண்ணைத் தொட மாட்டேன்."

போயும் போயும் சாதிக் பாட்ஷா நீதிபதி!

ரூபார்ப் கிழங்கு வந்த கதை சின்னது. பக்கத்து வில்லா வெள்ளைக்காரம்மா ஊருக்குத் திரும்பும்போது, "மூன்று வருஷம் தோற்றுவிட்டேன்" என்று தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனாள். சித்தீக் அவள்மீதும் ஒரு பரிதாபப் பார்வை வீசினார். கல்ஃபில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு இதுகூடவா தெரியவில்லை? இங்கே யாராக இருந்தாலும் லீவில் போய்வந்தால்தானே ஒழுங்காக டூட்டி பார்ப்பான்! அந்தக் கிழங்குக்கும் ரெண்டு மாசம் கடுங்குளிரில் தூங்கி எழுந்தால்தான் துளிர்க்க மனசு வரும்.

அக்டோபரில் ஈர மணலில் புதைத்து, பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியில் வைத்து, தேராவுக்கே கொண்டுபோய் சாதிக் கடையின் கூல்ரூமில் இறக்கினார். அன்றிலிருந்து தினமும் போன்.

"மாப்ளே, என் ஆள் எப்படியிருக்கான்?"

"தூங்குறான் மச்சான். குறட்டை தாங்கலை."

"எழுப்பிடாதே. லீவு முடியலை."

கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏலக்காய் வாசத்திலேயே மூளை உலர்ந்துபோனவர்கள்.

டிசம்பரில் வடக்குச் சுவரோரம், ஆட்டெரு கலந்து நட்டார். ஜனவரியில் சேவல் கொண்டை மாதிரி ஒரு சிவப்பு மொக்கு. அப்புறம் கசக்கிப் போட்ட காகிதம் போல இலைகள். காது வைத்தால் வளர்கிற சத்தம் கேட்கிறது, பாங்கு சத்தத்தையும் மீறிக் கேட்கிறது என்று ஹாலிதாவிடம் சத்தியம் பண்ணினார்.

சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். மூன்று தண்டு, மூன்று இலை. பெரிய இலையின் கீழே ஒரு பூனை உட்காரலாம், குட்டியாக இருந்தால்.

"சஹனை எங்கே வைக்கிறது மச்சான்?" என்றார் சாதிக்.

ஆரிப் கத்தரிக்கோலை நீட்டினான். சித்தீக் அதை அருவருப்போடு தள்ளினார். "முடி வெட்டவா வந்திருக்கோம்? இதை வெட்டக் கூடாது. அடியில பிடிச்சுத் திருகி இழுக்கணும். மொத வருஷம் பறிக்கவே கூடாது. உங்க கோர்ட்டுக்காக ஒண்ணே ஒண்ணு."

குனிந்தார், திருகினார், இழுத்தார். 'ப்ளக்' என்று ஒன்றரைச் சாண் தண்டு கையோடு வந்தது, மணமகள் உதடு போல் சிவப்பாக.

சாதிக் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்டுக்கீரை."

"என்னது?"

"தண்டுக்கீரை மச்சான். எங்க உம்மா பருப்புல போடுவாங்க."

"கடிச்சுப் பாரு."

கடித்தார். ஒரு கண் மூடிக்கொண்டது, மற்றது மூடலாமா என்று யோசித்தது. புளிப்பு காது வரை ஏறிவிட்டது. அப்போதும் ஆள் மசியவில்லை. "சரி. புளிச்சக்கீரை."

நாளைய வேலையை உறுதிப்படுத்த ஆரிப் இன்டர்லாக்காரனின் நம்பரைத் தேடத் தொடங்கினான். சித்தீக் அவசரப்படாமல் தண்டின் நுனியில் இருந்த இலையைக் கிள்ளி மச்சினர் கையில் வைத்தார்.

"கீரைன்னா இலையையும் தின்னலாமே மாப்ளே. தின்னு."

சாதிக் இலையை வாயருகே கொண்டுபோனார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன்" என்றார் சித்தீக், பல்லெல்லாம் தெரிய. "ரூபார்ப்னா இலை விஷம். தண்டு மட்டும்தான் திங்கிறது. இலை கிட்னியை ஒரு கை பார்த்துடும். ஆனா இதுதான் கீரையாச்சே! உனக்கென்ன பயம்? உன் லாத்தா தேங்காய் போட்டு வதக்கித் தருவா."

"நான் தர மாட்டேன்!" என்று அலறினாள் ஹாலிதா. "தம்பி, கீழே போடு!"

சாதிக் போடவில்லை. மற்ற கையால் போனை எடுத்து, எதையோ தட்டி, உதடு அசைய அசையப் படித்தார். படிக்கப் படிக்க இலை வாயிலிருந்து அங்குலம் அங்குலமாக விலகியது. கடைசியில் உயிருள்ள தேளை வைப்பதுபோல் அதைச் சுவர்மேல் வைத்துவிட்டு, கையைச் சட்டையில் மூன்று தரம் துடைத்தார்.

"ஆரிப்."

"சொல்லுங்க மாமா."

"அந்த ஆளை நாளைக்கு வர வேணாம்னு சொல்லிடு. கலாஸ், கேஸ் முடிஞ்சுது. இது ரூபார்ப்தான். உங்க வாப்பாதான் வளர்த்தாரு. என் கண்ணு முன்னாடிதான் பிடுங்கினாரு. நடந்துடுச்சுப்பா, நான் என்ன செய்ய?"