எதிரே வந்தவள்

"தாரணி, நீ உள்ளார போயிரு. கவினு கெளம்பறான்," என்றாள் மாமியார் சாமியாத்தாள்.

மைசூரு வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றுவிட்டது. தாலியறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காதாம். இரண்டு வருஷமாக யார் எங்கே கிளம்பினாலும் தாரணிக்குச் சமையலறைதான் கதி.

கொழுந்தன் கவின்ராஜ் போவது வடக்கே, நிலக்கரிச் சுரங்கத்துக்கு. அவன் அண்ணன் மாரிசாமியைக் காவு வாங்கிய அதே வேலை. நியாயமாக அந்த வாரிசு வேலை தாரணிக்கு வர வேண்டியது. புருஷன் செத்தவள் ஊர்விட்டு ஊர் போவதா என்று அதட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இப்போது அங்கே மறுபடியும் வேலைநிறுத்தம். சுரங்கத்தைத் தனியாருக்கு விற்காதே என்று ஊரே சுரங்க வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வாரமே வந்து குழியில் இறங்கினால்தான் வேலை என்று கடிதம் வந்திருந்தது.

போன வேலைநிறுத்தத்திலும் இதே கூத்துதான். லீவில் வந்திருந்த மாரிசாமியை அம்மாதான் நச்சரித்து அனுப்பினாள். கூட்டாளிகளை மீறி இறங்கினான். கூரைக்கு முட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் வெளியே கொடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கூரை சரிந்தது.

அவனுடைய இருமல் இன்னும் தாரணிக்குக் கேட்கிறது. தண்ணீர் மொண்டுகொண்டு போய், கொடுக்க ஆளில்லாமல் நிற்பாள். இப்போதும் கேட்டது, பட்டப்பகலில், முதுகுக்குப் பின்னால். பின்கதவைத் திறந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

பெட்டியோடு படியிறங்கிய கவின்ராஜ் அப்படியே நின்றுவிட்டான்.

"மூதேவி, எம்பையன் நல்லாருக்க வேண்டாமா?" என்றாள் சாமியாத்தாள்.

"அவரு போறப்ப நெறகொடத்தோட எதுக்க வரச் சொன்னீங்க. வந்தனுங்க அத்தை. போனவரு திரும்பலீங்க. இன்னைக்கு இப்படியே நிக்கறனுங்க."

சாமியாத்தாள் மகனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சகுனத் தடைக்கு அதுதான் பரிகாரம். அவன் குடித்துவிட்டு எழுந்தான். தாரணி நகரவில்லை. மறுபடி உட்கார்ந்தான், மறுபடி தண்ணீர். மூன்றாம் தடவை, "டைம் ஆயித்து" என்று கன்னடத்தில் முனகிவிட்டு ஆட்டோக்காரர் போய்விட்டார்.

கவின்ராஜ் ஷூவைக் கழற்றினான். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, நங்கை," என்று அண்ணியிடம் மெதுவாகச் சொன்னான்.

மத்தியானம் வரைக்கும் சாமியாத்தாள் மருமகளைத் திட்டித் தீர்த்தாள். பக்கத்தில் அவள் மகன் உயிரோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.