தோழி கேட்டாள், மாமா ஆச்சுங்க என்றார்

அன்று காலை அந்தச் சிங்காநல்லூர் வீட்டில் இருந்தவர்கள்: சர்க்கரை நோயாளியான அரங்கசாமி, அவர் மகன் கிருபாசங்கர், மருமகள் லோகப்பிரியா, அப்பாவின் போனில் மகன் ஏற்றிவைத்த ‘தோழி’ என்ற ஏஐ. இதில் அரங்கசாமி சர்க்கரை இறங்கிப்போய் சோபாவில் வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். லோகப்பிரியா சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவருக்குக் குடிக்கக் கொடுத்தாள். கிருபாசங்கர் அப்பாவின் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

“டிபன் சாப்பிட்டாருன்னு பதிவாயிருக்குது. மாத்திரையும் போட்டாச்சு. பச்சை டிக் இருக்குது பாரு.”

“அந்த டிக்கை நக்கிப் பாருங்க, இனிக்குதான்னு. இட்லியே இன்னும் வேகலைங்க.”

அப்பாவோடு தினமும் நாலு வார்த்தை பேசும் வேலையைச் சந்தா கட்டி ஒரு குரலிடம் தள்ளிவிட்டு, அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தான் கிருபாசங்கர். தோழி இருந்தால் நேரத்துக்கு நேரம் நல்ல பழக்கம் படிந்துவிடுமாம். அது சரிவராவிட்டால் மில்லில் நூல் சோதிக்கும் வேலையை லோகப்பிரியா விட்டுவிட வேண்டும். அதுதான் பேச்சு.

அரங்கசாமிக்கு நடுக்கம் நின்றது.

“ஏனுங் மாமா, சாப்பிட்டேன்னு அதுகிட்டச் சொன்னீங்களா?”

“சாப்டாச்சுங்களான்னு கேட்டுது கண்ணு. ஆச்சுங்கன்னேன்.”

“சாப்பிடலீங்களே!”

“ஒரு பொம்பளப்புள்ள மருவாதியாக் கேக்குது. இல்லீங்கன்னா சோறு கேக்கறாப்பல ஆயிருமல்லோ? அப்பறம் மாத்திரை போடச் சொல்லுச்சு. போட்டுப்போட்டேன்.”

இந்தப் பக்கத்தில் வயிறு காந்துகிறவனும் ஆச்சுங்க என்றுதான் சொல்வான். கேட்டவர்கள் அதை நம்பாமல் கையைப் பிடித்து இழுத்து இலைமுன் உட்கார வைப்பார்கள். இயந்திரத்துக்கு அது தெரியாது, போகட்டும். இவருக்கே மகனாகப் பிறந்தவனுக்கும் தெரியவில்லை.

“அருமை ஐயா! இன்று எல்லாப் பழக்கங்களையும் முடித்துவிட்டீர்கள்!” என்று போன் குதூகலித்தது. கிருபாசங்கர் அதன் வாயை அடைத்தான்.

“செரி, நீ வேலையை உட்டுரு. கூட இருந்து பாத்துக்க.”

“நீங்க வீட்ல இருந்துதான வேலை பாக்கறீங்க? மாடில இருந்து எறங்கி வந்து ஒரு வாட்டி தட்டைப் பாக்கறதுக்கு என்னங்க?”

“மீட்டிங் இருக்குது. சொன்னாப் புரியாது உனக்கு. நான் ஆபீசுக்கே போறேன்.” லேப்டாப் பையைத் தூக்கினான்.

அரங்கசாமி எழுந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார்.

“அம்மணி, பஸ்ஸு போயிரும். நீ கெளம்பு.”

“மாமா, இட்லி...”

“எறக்கி வெக்கறதுக்குத்தான் இவன் இருக்கறானே. எம்பட தட்டுல எத்தனை விழுவுது, எத்தனை உள்ள போவுதுன்னு உக்காந்து பாக்கட்டும்.”

“அப்பா, வெளையாடாதீங்க!”

லோகப்பிரியா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். பின்னால் மாமனார் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.