அம்மாக்களுக்கெல்லாம் பர்த்டே கிடையாது

ஏலவார்குழலிக்கும் ஒரு பிறந்தநாள் இருந்தது. எல்லாருக்கும் இருப்பதுதானே என்பீர்கள். அவளுடையதை அவள் பெற்ற மகளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மகளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தூக்கிக் கொடுத்தவள் குழலிதான்.

சின்ன வயதில் காவாந்தண்டலத்தில் அந்த நாள் அவளுக்கு ராஜாங்கம். அவள் நைனா ஒரு சட்டம் போட்டிருந்தார்: அன்று முழுக்க அவளை யாரும் ஒரு வேலை ஏவக்கூடாது. தண்ணீர்க் குடத்தைத் தொட வேண்டாம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் யூனிஃபார்மில் உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் கலர் டிரஸ்ஸில் சாக்லேட் பாக்கெட்டோடு வகுப்பு வகுப்பாகப் போவாள். துணைக்கு யாரைக் கூட்டிப் போவது என்பது அவள் இஷ்டம். அதற்காகவே முந்தின வாரத்திலிருந்து அவளைத் தாஜா செய்கிறவர்கள் உண்டு.

கல்யாணமாகி உத்திரமேரூர் வந்த முதல் வருஷம், அந்த நாளுக்கு அவள் புருஷன் தேவராஜன் காஞ்சிபுரத்தில் கேக் வாங்கி, பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவந்தான். திறந்தால் கிரீம் முழுக்க மூடியில் ஒட்டியிருந்தது. அவள் பெயரும் மூடியில்தான். இருவரும் மூடியை வழித்துத் தின்றுவிட்டுச் சிரித்த சிரிப்பில், பக்கத்து வீட்டுச் சிட்டம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருஷம் அதே நாளில் இடுப்பு வலி கண்டது. சுபாஷ்ரீ பிறந்தாள். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளு! இனிமே ஒரு கேக்கு போதும்" என்றான் தேவராஜன். குழலியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வருகிறது.

கேக்கில் சுபாவின் பெயர் ஏறியது. முதல் இரண்டு மூன்று வருஷம் "உனுக்கும்தான்" என்று குழலி வாயிலும் ஒரு துண்டு ஊட்டினான். பிறகு பலூன் வந்தது, மகள் படம் போட்ட பேனர் வந்தது, தெருப்பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். குழலி அடுப்படியில் வடை சுட்டாள். வேலையே செய்யாத நாளாக இருந்தது, வருஷத்திலேயே இடுப்பு ஒடியும் நாளாகிவிட்டது. ஐந்து வயது முடிந்த அன்று சுபா மெழுகுவத்தியை ஊதிவிட்டுக் கேட்டாள்: "உனுக்கு எப்போம்மா பர்த்டே?"

சொல்லியிருக்கலாம். தன் நாளைப் பங்கு போட வேண்டுமே என்று குழந்தை முகம் வாடுமோ என நினைத்து, "அம்மாங்களுக்கெல்லாம் பர்த்டே கெடையாது கண்ணு" என்றாள். பக்கத்தில் நின்ற தேவராஜனும் நல்ல வேடிக்கை என்று சிரித்தான். வீட்டில் அதுவே நிலைத்துப் போனது.

இந்த ஆவணியில் சுபா கல்யாணமாகி வாலாஜாபாத் போய்விட்டாள். மருமகன் குமரேசனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. வீடு வெறிச்சென்று கிடந்தது வருத்தம்தான். ஆனால் வெளியே சொல்ல வெட்கமான ஓர் ஆசையும் குழலிக்கு வந்தது. இனி அந்த நாள் தன்னிடம் திரும்பி வரும். அன்று விடிந்ததும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, முந்திரி தாராளமாகப் போட்டுக் கேசரி கிண்டினாள்.

தேவராஜன் வாயில் போட்டுக்கொண்டே கேட்டான். "இன்னா, கேசரிலாம் பலமா கீது?"

"நீங்களே சொல்லுங்க."

யோசித்தான். முகம் மலர்ந்தது. "அட, சுபா பொறந்த நாளு! மறந்தே போய்ட்டேன் பாரு. போன் பண்ணியா?"

குழலி கரண்டியைக் கீழே வைத்தாள். அதற்குள் போன் அடித்தது. சுபாதான். வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகை.

"ம்மா, அவரு பாட்டுக்கு டியூட்டிக்குக் கெளம்பிப் போய்ட்டாரும்மா. ஒரு வார்த்த சொல்லல. நான் இங்க இட்லி ஊத்திக்கினு கீறேன்."

"நீ சொன்னியா அவராண்ட?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவருக்காத் தெரிய வேணாமா?"

"தெரியாது கண்ணு." குழலியின் குரல் திடீரென்று கண்டிப்பானது. "அவரா நெனப்பாருன்னு உக்காந்துக்கினு இருந்தா, உக்காந்துக்கினேதான் இருப்ப. இப்பவே போன் போடு. இன்னிக்கி எனக்குப் பொறந்த நாளு, சீக்கிரம் வாங்கன்னு சொல்லு. இந்த வருசம் வுட்டா அடுத்த வருசம் கேக்க வாயே வராதுடி."

"வெக்கமா கீதும்மா."

"வெக்கப்பட்டுக்கினே சொல்லு. மொதல்ல சொல்லு."

சுபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றாள். குழலி போனை வைத்தாள்.

தேவராஜன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரியாமல், கொஞ்சம் பயந்துபோய்க் கேட்டான்.

"ஆமா குழலி, உனுக்கு எப்போ பொறந்த நாளு?"

இதோ, கேட்டேவிட்டான். நாள் முழுக்க மிச்சம் இருந்தது. இன்றைக்குத்தான் என்று சொன்னால் அந்த மனிதன் சட்டையை மாட்டிக்கொண்டு பஜாருக்கு ஓடியிருப்பான். மகளுக்குக் கொடுத்த தைரியத்தில் பாதி போதும். வாயைத் திறந்தாள். ஒருகாலத்தில் தெரிந்து வைத்திருந்தவன் இப்படிக் கேட்கிறானே என்ற ஆற்றாமை முந்திக்கொண்டது.

"அது போய்டுச்சி" என்றாள்.

"அடடா, போய்டுச்சா? அடுத்த வருசம் மறக்காம சொல்லு, ஜமாய்ச்சிடலாம்" என்றான் அவன், மனதார.

குழலி தலையை ஆட்டிவிட்டு அவன் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.